படத்தைச் சுற்றி எழுத்து ஓட வேண்டுமா? லாடெக்கில் வரியை எண்ணுங்கள்

கேள்வி: கட்டளைகளை எழுதி ஆவணத்தை அச்சுக்கோக்கும் லாடெக் மென்பொருளில் ஆய்வேடு எழுதுகிறேன். ஒரு சிறிய படத்தை வலது ஓரத்தில் வைத்து, அதைச் சுற்றி எழுத்து ஓடட்டும் என்று ராப்ஃபிக் என்ற துணைத் தொகுப்பைச் சேர்த்தேன். படத்துக்குக் கீழே பெரிய வெற்றிடம் விழுகிறது. அருகில் வரும் புள்ளிப் பட்டியல் படத்தின் மேலேயே ஏறுகிறது. நடுவில் ஒரு பத்தியைச் சேர்த்ததும், அடுத்த பக்கத்தில் படமே இல்லாத இடத்தில் வரிகள் குறுகி நிற்கின்றன. எப்படிச் சரிசெய்வது?

பதில்: மூன்று தொல்லைக்கும் வேர் ஒன்றுதான். படம் எங்கே இருக்கிறது என்று பார்த்து எழுத்து ஒதுங்கிப் போவதாக நமக்குத் தோன்றும். ஆனால் லாடெக்குக்கு அடியில் வேலை செய்யும் டெக்குக்குப் படம் கண்ணில் படுவதே இல்லை. அதற்குத் தெரிந்தது பத்தியும் வரியும்தான். 'இந்தப் பத்தியில் முதல் 13 வரி குறுகலாக இருக்கட்டும், மீதி முழு அகலத்துக்குப் போகட்டும்' என்று சொல்ல அதில் பார்ஷேப் என்றொரு கட்டளை உண்டு. ராப்ஃபிக் படத்தின் உயரத்தை அளந்து, அது எத்தனை வரிக்குச் சமம் என்று கணக்குப் போட்டு, அத்தனை வரிகளைக் குறுக்கிவிட்டு, ஒழிந்த இடத்தில் படத்தை வைக்கிறது. பத்தி அதற்குள் முடிந்துவிட்டால் மிச்சக் கணக்கை அடுத்த பத்தியின் தலையில் ஏற்றிவிடுகிறது. அவ்வளவுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் பட்டியலைப் பாருங்கள். புள்ளிப் பட்டியல் உள்ளே தள்ளி நிற்பதும் இதே பார்ஷேப்பால்தான். ஒரே கட்டளையை இருவர் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றினால் ஒருவர் சொன்னது அழிந்துவிடும். இங்கே அழிவது ராப்ஃபிக் சொன்னது. பட்டியலுக்குள் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று தொகுப்பை எழுதிய டொனால்ட் ஆர்செனோவே கையேட்டில் எச்சரித்திருக்கிறார். ஆகவே இதோடு மல்லுக்கட்ட வேண்டாம். சாதாரணப் பத்தி இரண்டு மூன்று தொடர்ந்து வரும் இடத்துக்குப் படத்தை நகர்த்துங்கள். பட்டியலின் பக்கத்தில்தான் படம் வேண்டும் என்றால் பக்கத்துக்குள் சிறு பக்கம் போல நிற்கும் இரண்டு மினிபேஜ் பெட்டிகளை அருகருகே வைத்து, ஒன்றில் பட்டியலையும் மற்றதில் படத்தையும் போடுங்கள். அங்கே படவிளக்கத்துக்கு கேப்ஷன் தொகுப்பின் கேப்ஷன்ஆஃப் கட்டளை உதவும்.

அடுத்து வெற்றிடம். வரிக் கணக்கு ஒன்றிரண்டு கூடிப்போவதுதான் பெரும்பாலும் காரணம். நீங்களே போட்டுப் பார்க்கலாம். 12 புள்ளி (பாயிண்ட் என்னும் அச்சு அளவு) எழுத்தில் வரிக்கு வரி தூரம் 14.5 புள்ளி. படம் 5 சென்டிமீட்டர் உயரம் என்றால் சுமார் 142 புள்ளி. படவிளக்கம் இரண்டு வரி, 29 புள்ளி. அதற்கு மேலே விடும் இடைவெளி 10, படத்தையும் எழுத்தையும் பிரிக்கும் இன்டெக்ஸ்ட்செப் இந்த எழுத்தளவில் வழக்கமாக 14. மொத்தம் 195. அதை 14.5-ஆல் வகுத்தால் 13-ஐச் சற்றே தாண்டுகிறது. பிகின் ராப்ஃபிகர் என்பதை அடுத்து சதுர அடைப்புக்குள் 13, பிறகு நெளி அடைப்புக்குள் வலது ஓரத்தைக் குறிக்கும் சிறிய ஆர் (r), அப்புறம் இன்னொரு நெளி அடைப்புக்குள் அகலம் என்று எழுதுங்கள். எழுத்து படவிளக்கத்தில் இடித்தால் 14 ஆக்குங்கள். உள்ளே படத்தின் அகலத்தை லைன்வித், அதாவது அங்குள்ள முழு வரி அகலம், என்றே கொடுங்கள். படத்தை நடுவில் நிறுத்தும் சென்டர் சூழல் மேலும் கீழும் இடம் சேர்க்கும், அதனால் சென்டரிங் கட்டளை போதும். இத்தனைக்குப் பிறகும் வெள்ளை தெரிந்தால் படக் கோப்பையே திறந்து பாருங்கள். வரைபட மென்பொருள் விட்ட வெள்ளை ஓரம் அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பல பேர் மணிக்கணக்கில் தேடுவது இதைத்தான்.

பக்கம் தாண்டிக் குறுகும் வரிகளுக்கு வருவோம். டெக் முதலில் பத்தியை வரிகளாக வெட்டும். பக்கம் எங்கே முடிகிறது என்பதை அதற்குப் பிறகுதான் முடிவு செய்யும். 13 வரி என்று சொன்னபின் 8-ஆவது வரியோடு பக்கம் முடிந்தால், மிச்சம் 5 வரி குறுகிய கோலத்திலேயே அடுத்த பக்கத்துக்குப் போகும். சிறிய ஆர் எழுத்துக்குப் பதில் பெரிய ஆர் (R) போட்டால், இடம் போதாதபோது படம் தள்ளிப்போய் வசதியான பத்தியில் உட்காரும். கொஞ்சம் உதவும், ஆனால் எழுத்து சுற்றி ஓடாமல் தனியே நிற்கும் சாதாரண ஃபிகரை முந்தியோ பிந்தியோ போய் பட எண்களின் வரிசை கலையலாம். அதனால் என் வழக்கத்தைச் சொல்கிறேன்: எழுதும்போது எல்லாப் படங்களையும் சாதாரண ஃபிகராகவே வைத்திருப்பேன். திருத்தம் எல்லாம் முடிந்து, இனி ஒரு வரிகூட மாறாது என்ற பிறகுதான் தேவையானதை ராப்ஃபிகராக மாற்றுவேன். அதையும் முதல் பக்கத்திலிருந்து வரிசையாக. பின்பக்கத்தை முதலில் சரிசெய்தால் முன்பக்க மாற்றம் அதைக் கலைத்துவிடும்.

தமிழில் எழுதுகிறீர்கள் என்றால் அகலத்தில் கூடுதல் கவனம் தேவை. 'கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன' என்ற ஒரே சொல் குறுகிய வரியில் பாதியைத் தின்றுவிடும். அது அடுத்த வரிக்குத் தாவினால் முந்தைய வரியில் சொற்களுக்கிடையே வெள்ளை ஆறு ஓடும். 15 சென்டிமீட்டர் பக்க அகலத்தில் படத்துக்கு 6-க்கு மேல் நான் கொடுப்பதில்லை. தமிழுக்கான சொல்வெட்டு இயங்குகிறதா என்று பாருங்கள், சொல் இடைவெளியைக் கூடுதலாக விரிய விடும் எமர்ஜென்சிஸ்ட்ரெச்சையும் 2 எம் (எழுத்தின் அளவையொட்டிய அலகு) அளவுக்கு வையுங்கள். படம் அதைவிடப் பெரிதென்றால் சுற்றி எழுத்து ஓட்டும் ஆசையை விட்டுவிடுவதே வாசிப்பவருக்குச் செய்யும் மரியாதை.

அட்டவணைக்கு ராப்டேபிள் இருக்கிறது, விதிகள் இவையே. அகலம் 0 புள்ளி என்று கொடுத்தால் அட்டவணையின் இயல்பான அகலத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆனால் மேலே தலைப்பு வைப்பதானால் இதை நம்பாதீர்கள், அகலத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நான்கு நெடுவரிசைக்கு மேல் போனால் முழு அகல டேபிள்தான் சரி.