வாசகர் கேள்வி: அடையாறு ஏன் பின்னாடி ஓடுது?

போன இதழ்ல அடையாறு பத்தி போகிற போக்குல ரெண்டு வரி எழுதினேன், அதுக்கே இவ்ளோ கேள்வி. சரி, இந்த தடவை முழுக்க ஆறுதான்.

தினமும் கோட்டூர்புரம் பாலத்துல வாக்கிங் போறேன். சில நாள் ஆகாயத்தாமரை கடல் பக்கமா மிதந்து போகுது, சில நாள் சைதாப்பேட்டை பக்கமா திரும்பி வருது. கண்ணு டெஸ்ட் பண்ணணுமா சார்?
– வாசகர், கோட்டூர்புரம்

கண்ணு நல்லாத்தான் இருக்கு. தாம்பரத்துக்கு மேற்கே ஆதனூர் ஏரி பக்கத்துல கிளம்பி சுமார் 42 கிலோமீட்டர் ஓடி வர்ற ஆறு இது, ஆனா கடைசி சில கிலோமீட்டர் கடலோட பேச்சைத்தான் கேக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கடல்மட்டம் ஏறும், அது ஏத்தம், ரெண்டு தடவை இறங்கும், அது வத்தம். ஏத்தம் வந்தா உப்புத்தண்ணி உள்ளே ஏறும், ஆகாயத்தாமரையும் கூடவே ஏறும். நம்ம கடல்ல ஏத்த வத்தம் கம்மிதான், அமாவாசை பௌர்ணமிக்கே சுமார் ஒரு மீட்டர்தான் வித்தியாசம். தினமும் கிட்டத்தட்ட 50 நிமிஷம் லேட்டாகிக்கிட்டே போகும், நீங்க ஒரே டைமுக்கு வாக்கிங் போறதாலதான் ஒரு நாள் அப்படி ஒரு நாள் இப்படி தெரியுது.

முகத்துவாரத்துல எப்ப பாத்தாலும் பொக்லைன் வச்சு மண்ணு தோண்டுறாங்களே, ஒரே தடவையா தோண்டி முடிச்சா என்ன? நம்ம வரிப்பணம்தானே?
– வாசகி, பட்டினப்பாக்கம்

நியாயமான கோவம், ஆனா அந்த மண்ணு தோண்டி முடியற மண்ணு இல்லம்மா. நம்ம கரையில அலை சாய்வா வந்து அடிக்கும், வருஷத்துல பாதிக்கு மேல தெக்கேருந்து வடக்கா மணலை தள்ளிக்கிட்டே போகும், வடகிழக்கு பருவக்காத்து மாசங்கள்ல திசை மாறும். வழியில ஆத்து வாய் திறந்திருந்தா அங்கயும் கொட்டும். ஆத்துல வேகம் இருந்தா அடிச்சு வெளிய தள்ளிடும், ஆனா நம்ம ஆத்துல நிஜமான வெள்ளம் வர்றது ஐப்பசி கார்த்திகையிலதான், மத்த மாசம் ஓடுறது பெரும்பாலும் சாக்கடைத் தண்ணி, அதுக்கு ஏது தெம்பு? ஏத்த வத்தமும் சின்னதுங்கறதால அதாலயும் கழுவி விட முடியாது. அதனால மணல் திட்டு கட்டி வாய் அடைஞ்சுக்குது. அடையாறுங்கற பேருக்கு என்னென்னமோ விளக்கம் சொல்றாங்க, எனக்கென்னவோ அடைஞ்சுக்கிற ஆறுன்னுதான் தோணுது.

அடைஞ்சுட்டா கடல்தண்ணி உள்ள வராது, உள்ள இருக்கறது வெளிய போகாது, தேங்கி கறுத்து நாறும், ஆக்ஸிஜன் இல்லாம மீன் செத்து மிதக்கும். மழைக்கு முன்னாடி திறந்து விடலன்னா இன்னும் ஆபத்து. 2015 டிசம்பர் 1 ராத்திரி செம்பரம்பாக்கம் ஏரிலேருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தாங்க, அது போக வழியில இருக்கற அத்தனை ஏரி உபரியும் இதே ஆத்துலதான் விழுந்துச்சு, அதெல்லாம் வெளிய போக இருக்கறது இந்த ஒரே வாய். அதனால பொக்லைனை திட்டாதீங்க, சாக்கடையை ஆத்துல விடுறவங்களை திட்டுங்க, நானும் வர்றேன்.

முகத்துவாரத்துல இருக்கற உடைஞ்ச பாலத்தை யார் உடைச்சது? பேய் கதை வேற சொல்றாங்க.
– கல்லூரி மாணவர், அடையார்

வெள்ளம்தான் உடைச்சுச்சு. 1967ல மீனவ ஜனங்க கரை மாறி போக கட்டினது, பத்தே வருஷம், 1977ல அடிச்சுட்டு போயிடுச்சு. பேய் எதுவும் இல்ல. ஓரத்துல நின்னு செல்ஃபி எடுக்காதீங்க, அவ்ளோதான்.

அடையாத்துல பெரிய போர் நடந்துச்சாமே, நிஜமா?
– வாசகர், திருவான்மியூர்

நிஜம்தான், 1746ல. பிரெஞ்சுக்காரங்க இங்கிலீஷ்காரங்ககிட்டேருந்து சென்னையை பிடிச்சிருந்தாங்க, கோட்டையை ஆற்காடு நவாபுக்கு தர்றதா பிரெஞ்சு கவர்னர் டூப்ளே வாக்கு கொடுத்துட்டு தரல, நவாப் அன்வருதீன் பையன் மஹஃபூஸ்கான் சும்மா ஆயிரக்கணக்குல படையோட வந்துட்டாரு. புதுச்சேரிலேருந்து பிரெஞ்சு தளபதி பரடிஸ் கூட்டிட்டு வந்தது சுமார் ஆயிரம் பேர், அதுல பாதிக்கு மேல நம்ம சிப்பாய்ங்க. வடகரையில நவாப் படை பீரங்கியோட நிக்குது, இவங்க படகு கூட தேடாம ஆத்துல இறங்கி நடந்தே வந்து வரிசை கட்டி சுட்டாங்க, நவாப் ஆளுங்க சாந்தோம் தெருக்கள்ல சிதறி ஓடினாங்க. கொஞ்சம் பேர் டிரில் எடுத்து நின்னா பெரிய படையையும் ஜெயிக்கலாம்னு வெள்ளைக்காரங்க கத்துக்கிட்ட இடம் இது. அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். இவ்ளோ நடந்த இடத்துல நாம டிராஃபிக்ல நின்னு ஹார்ன் அடிச்சிட்டிருக்கோம்.

இந்த நாத்தத்துல பறவை வருமா?
– வாசகி, மந்தைவெளி

வருதே! வத்தம் நேரத்துல போய் பாருங்க, சேத்துத் திட்டுல நெடுங்கால் உள்ளான் சிவப்பு காலை தூக்கித் தூக்கி வச்சு நடக்கும், கூழைக்கடா, நீர்க்காகம், கொக்கு எல்லாம் உண்டு. தெக்கு கரையில தியசாபிகல் சொசைட்டி 1882லேருந்து இருக்கறதால அந்தப் பக்கம் மரங்கள் தப்பிச்சுது. போன மாசம் என் பொண்ணை கூட்டிட்டு போனேன், அவ பறவையை கண்டுக்கவே இல்ல, கீழ நண்டைத்தான் பாத்தா. ஃபிடில் நண்டு, ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெருசு, அதை தூக்கித் தூக்கி ஆட்டி பொண்ணு நண்டை கூப்பிடும். இன்னொரு சின்ன கொடுக்கால சேத்தை வாயில போட்டு சத்தை எடுத்துட்டு சின்னச் சின்ன உருண்டையா துப்பும். எங்க நிழல் பட்டதும் மொத்த கூட்டமும் பொந்துக்குள்ள. அசையாம நின்னோம், ஒண்ணொண்ணா எட்டிப் பாத்துச்சு. ஏத்தம் வந்தா பொந்து வாயை அதுவே சேத்தால அடைச்சுக்கும்.

எங்கட கொழும்பு றோயிங் கிளப் உங்கட ஆக்களோட படகுப் போட்டி வைக்கிறவையாம். அந்த ஆத்திலயோ?
– வாசகர், கொழும்பு

ஆமா, 1898லேருந்து பழைய போட்டி அது. 1867ல தொடங்கின மெட்ராஸ் போட் கிளப் ஆளுங்க துடுப்பு போடுறது இதே அடையாத்துலதான், காலையில கோட்டூர்புரம் பக்கம் வந்தா பாக்கலாம். நாங்க பாலத்துல மூக்கை பொத்திக்கிட்டு போற இடத்துல அவங்க மூச்சு வாங்க வாங்க ஓட்டுறாங்க, அதுக்கே தனியா கப் தரலாம்.

ஆத்துல வலை போட்டு பிடிக்கற மடவை வாங்கலாமா?
– வாசகி, சைதாப்பேட்டை

மடவை சேத்துல மேயற மீன், அந்த சேத்துல என்னென்ன கலந்திருக்குன்னு உங்களுக்கும் தெரியும். நான் வாங்க மாட்டேன். கடல்ல பிடிச்சதான்னு கேட்டு வாங்குங்க, குழம்புல புளி மட்டும் கொஞ்சம் கம்மியா போடுங்க.