வாசகர் கேள்வி – பதில்: அட்டைப்படத்துக்கு என்ன விலை சொல்வது?

தனியாகத் தொழில் செய்யும் ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் இந்த முறை அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை பணத்தையும் உரிமையையும் பற்றியவை. அதனால் அவற்றுக்கே கூடுதல் இடம் தந்திருக்கிறோம்.

ஒரு பதிப்பகம் நாவலுக்கு அட்டைப்படம் கேட்டது. “எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?” என்றார்கள். வாயில் வந்த தொகையைச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். குறைத்துச் சொல்லிவிட்டோமோ என்று உறுத்துகிறது. விலையை எப்படித்தான் கணக்கிடுவது?
— ஓவியர், கோவை

முதலில் உங்கள் ஒரு மணி நேரத்தின் அடக்க விலையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓர் உதாரணம் பார்ப்போம். வாடகை, சாப்பாடு, பயணம் எல்லாம் சேர்த்து மாதம் 28,000 ரூபாய். கணினியும் டேப்லெட்டும் 90,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், மூன்று ஆண்டில் தேயும் என்று வைத்து மாதம் 2,500. மென்பொருள், இணையம், மின்சாரம் 3,500. மருத்துவக் காப்பீடு, சேமிப்பு, வேலை வராத மாதத்துக்கான கையிருப்பு 8,000. மொத்தம் 42,000.

இதை வேலை நேரத்தால் வகுக்கும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். நாளுக்கு 8 மணி நேரம் என்று போட்டுவிடுகிறார்கள். தொலைபேசிப் பேச்சு, மின்னஞ்சல், பில் போடுவது, பணத்துக்கு நினைவூட்டுவது, பயிற்சிக்கு வரைவது இவற்றுக்கெல்லாம் யாரும் காசு தருவதில்லை. கூலி கிடைக்கும் நேரம் நாளுக்கு 4 மணிதான். 22 நாளுக்கு 88 மணி. 42,000-ஐ 88-ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 480 ரூபாய். கதையைப் படிப்பது, மூன்று சிறு ஓவிய யோசனைகள், இறுதிப் படம், எழுத்து அமைப்பு என்று ஓர் அட்டைக்கு 14 மணி நேரம் ஆனால் 6,720 ரூபாய். அது உங்கள் அடிமட்டம். அதற்குக் கீழே போனால் பதிப்பகத்துக்கு நீங்கள் கைக்காசு போடுகிறீர்கள்.

அதற்கு மேல் வருவது பயன்பாட்டுக்கான தொகை. 500 படி அச்சாகும் கவிதைத் தொகுப்பும் பல பதிப்பு காணும் நாவலும் ஒன்றல்ல. அச்சு அட்டை மட்டுமா, மின்னூலும் ஒலிநூலும் உண்டா, பிறமொழிப் பதிப்புகளிலும் அதே படம் வருமா என்று கேட்டுவிட்டே தொகை சொல்லுங்கள். “என்ன விலை?” என்றவுடன் பதில் சொல்ல வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. “விவரம் அனுப்புங்கள், நாளை எழுத்தில் தருகிறேன்” என்றால் போதும்.

அந்த எழுத்தில் நான்கு விஷயங்கள் இருக்கட்டும். வேலை தொடங்கும் முன் பாதிப் பணம். இரண்டு சுற்றுத் திருத்தம் விலைக்குள் அடங்கும், மூன்றாவதிலிருந்து மணிக்கணக்கு. சிறு ஓவியம் பார்த்தபின் வேலையைக் கைவிட்டால் முன்பணம் திரும்பாது. அடுக்குகளோடு கூடிய ‘ஓப்பன் ஃபைல்’ வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை. திருத்தச் சுற்றுக்கு வரம்பு வைக்காததால்தான் நல்ல வேலைகள் நஷ்டத்தில் முடிகின்றன. ஆசிரியர் ஒன்று சொல்வார், பதிப்பாளர் வேறொன்று சொல்வார், விற்பனைப் பிரிவு மூன்றாவதாக ஒன்று சொல்லும். “திருத்தங்களை ஒருவரே தொகுத்து அனுப்ப வேண்டும்” என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.

ஓர் இனிப்பகத்தின் சுவரில் மாட்டத் தெப்பக்குளக் காட்சியை வரைந்து கொடுத்தேன். பணமும் ஒழுங்காகத் தந்தார்கள். இப்போது அதே படம் அவர்களுடைய இனிப்புப் பெட்டிகளில் என் பெயர் இல்லாமல் வந்திருக்கிறது. கேட்டால், “காசு கொடுத்தாச்சே” என்கிறார்கள். சட்டம் யார் பக்கம்?
— வாசகி, மதுரை

உங்களுக்குப் பிடிக்காத பதிலைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படைத்தவரே முதல் உரிமையாளர். ஆனால் அதன் 17-ஆம் பிரிவில் விதிவிலக்குகள் உண்டு. புகைப்படம், வண்ண ஓவியம், உருவப்படம் போன்றவற்றை ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து, அவருக்காகச் செய்து தந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது பதிப்புரிமை பணம் கொடுத்தவரையே சேரும். நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் பகுதியாகச் செய்வதும் இப்படித்தான். லோகோ, கோட்டுச் சித்திரம் போன்றவை அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி வரவில்லை. ஆனாலும் எது ஓவியம், எது வரைபடம் என்று வழக்காடும் நிலைக்கு நாம் போகவே கூடாது.

உங்களுக்கு இரண்டு பிடிகள் இருக்கின்றன. ஒன்று, பழைய வாட்ஸப் செய்திகள், மின்னஞ்சல்கள், பில். “கடைச் சுவருக்கு ஒரு படம்” என்று அவர்களே எழுதியிருந்தால், அது சுவருக்கு மட்டும்தான் என்று வாதிட இடம் உண்டு. எதையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இரண்டாவது, 57-ஆம் பிரிவு. உரிமை கைமாறிய பிறகும், படைத்தவர் நானே என்று கோருவதும், நற்பெயர் கெடும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்ப்பதும் ஓவியருடைய தனி உரிமைகள். பெட்டியில் பெயர் போடச் சொல்லியும், பெட்டிப் பயன்பாட்டுக்கு ஒரு தொகை கேட்டும் தன்மையாக ஒரு கடிதம் எழுதுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பதிப்புரிமை வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரிடம் இந்த ஆவணங்களோடு போங்கள்.

அடுத்த வேலைக்கு இந்த வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: “இப்படத்தின் பதிப்புரிமை ஓவியருக்கே உரியது. கடையின் உட்சுவரில் காட்சிக்கு வைக்க மட்டும் அனுமதி தரப்படுகிறது. பொட்டலம், விளம்பரம், இணையம் உள்ளிட்ட வேறெந்தப் பயன்பாட்டுக்கும் தனி அனுமதியும் தனிக் கட்டணமும் தேவை.” இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும்.

முழு உரிமையையும் எழுதிக் கொடுப்பதாக இருந்தால் காலத்தையும் இடத்தையும் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுக்கு, இந்தியாவுக்குள் என்றே சட்டம் பொருள் கொள்ளும். ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும், எல்லா வடிவத்திலும்’ என்று அவர்கள் அனுப்பும் ஒப்பந்தத்தில் இருந்தால் அதற்கேற்ற விலையை ஏற்றிக் கேளுங்கள், இல்லையேல் அந்த வரியை அடித்துத் தரச் சொல்லுங்கள். பதிப்புரிமை பெறப் பதிவு கட்டாயமில்லை, வரைந்த கணமே பிறந்துவிடும். ஆதாரத்துக்காகப் பதிவு செய்ய விரும்பினால் ஓவியத்துக்குக் கட்டணம் 500 ரூபாய். பொருட்களின் மேல் பயன்படும் ஓவியம் என்றால் 2,000.

இன்ஸ்டாகிராமில் எத்தனை ஃபாலோயர் சேர்ந்தால் வேலை வரும்?
— வாசகர், திருநெல்வேலி

எண்ணிக்கைக்கும் வேலைக்கும் நேர்த் தொடர்பு இல்லை. உங்கள் பக்கத்தைத் திறக்கும் பதிப்பகக் கலை ஆசிரியர் முதல் 9 கட்டங்களைப் பார்த்து முடிவெடுத்துவிடுவார். அந்த ஒன்பதில் நீங்கள் விரும்பும் வகை வேலையே இருக்கட்டும். பயோவில் ஊர், செய்யும் வேலை, மின்னஞ்சல் மூன்றும் தெளிவாக இருக்கட்டும்.

திரையில் பளிச்சென்று இருந்த நீலம் அச்சில் மங்கிவிட்டது. தலைப்பில் ‘கொ’ உடைந்து வந்தது. புத்தகத்தின் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு நகர்ந்துவிட்டது. அச்சகம் என்னைக் குறை சொல்கிறது.
— வடிவமைப்பாளர், சேலம்

மூன்றுமே ஃபைல் அனுப்பும் முன் பிடிக்கக்கூடிய பிழைகள்.

நீலம்: திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மைகளால் காட்டுகிறது. மின்னும் நீலம், கிளிப்பச்சை, ஃப்ளோரசென்ட் ரோஸ் ஆகியவை இந்த நான்கு மைகளின் நிற அமைப்பான சிஎம்ஒய்கே எல்லைக்குள் அடங்காது. வரையத் தொடங்கும்போதே சிஎம்ஒய்கே முன்னோட்டத்தை இயக்கி வைத்தால் ஏமாற்றம் இராது. இருண்ட பகுதிகளில் நான்கு மைகளின் கூட்டு 300 விழுக்காட்டைத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால் மை காயாமல் அடுத்த தாளில் ஒட்டும். சிறிய கறுப்பு எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 விழுக்காடு; நான்கு மையும் கலந்தால், ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது இம்மி பிசகினாலும் எழுத்தைச் சுற்றி நிழல் தெரியும்.

‘கொ’: ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் மூன்றிலும் தமிழ் யூனிகோடுக்கு, எழுத்துகளைக் கோத்து அமைக்கும் ‘கம்போசர்’ அமைப்பை மாற்ற வேண்டும். இன்டிசைனில் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’, இல்லஸ்ட்ரேட்டரில் இண்டிக் விருப்பங்களை இயக்கிவிட்டுத் தெற்காசியக் கம்போசர். மாற்றாவிட்டால் கொம்பு ஒருபுறம், கால் ஒருபுறம் என்று பிரிந்து நிற்கும். எழுத்து சரியாக வந்தபின் ஒரு பிரதியில் அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றி அனுப்புங்கள். அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் போகும் ஆபத்து அதோடு தீர்ந்தது. திருத்தக்கூடிய மூலத்தை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

முதுகு: பக்க எண்ணிக்கையை இரண்டால் வகுத்தால் தாள் எண்ணிக்கை. அதைத் தாளின் தடிமனால் பெருக்க வேண்டும். 240 பக்கம் என்றால் 120 தாள். ஒரு தாள் 0.1 மி.மீ. என்றால் முதுகு 12 மி.மீ. ஆனால் எடை ஒரே 70 ஜிஎஸ்எம் என்றாலும் மேப்லித்தோ தாளும் புடைப்பான நேச்சுரல் ஷேடு தாளும் ஒரே தடிமனில் இருப்பதில்லை. அதனால் அச்சிடப்போகும் தாளிலேயே எதுவும் அச்சிடாத ‘டம்மி’ புத்தகம் ஒன்றைக் கட்டித் தரச் சொல்லி, அளவுகோல் வைத்து அளப்பதுதான் நம்பகமானது. பெரும்பாலான தவறு, பக்கம் கடைசி நேரத்தில் கூடிவிட்டதை யாரும் வடிவமைப்பாளருக்குச் சொல்லாததால் நடக்கிறது. “இறுதிப் பக்க எண்ணிக்கை எழுத்தில் வந்தபின்தான் முழு அட்டை தருவேன்” என்று உறுதியாக இருங்கள். நான்கு புறமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டுக்கோட்டுக்கு வெளியே விடும் கூடுதல் படம்), படம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்பவை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வேலை முடிந்து நான்கு மாதம். “அக்கவுண்ட்ஸ்ல இருக்கு” என்றே சொல்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகி, சென்னை

சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவுத் தளமான ‘உத்யம்’ (Udyam) தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டணம் கிடையாது, ஆதாரும் பான் (PAN) எண்ணும் போதும். பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதிகபட்சம் 45 நாளில் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு முறையில். 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொரு நெருக்கடியும் அவர்களுக்கு உண்டு: கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் தரும் ஆண்டு வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. மார்ச் மாதத்தில் இதை நினைவூட்டினால் கணக்குப் பிரிவு காது கொடுக்கும்.

பதிவுக்கு முன் முடித்த வேலைக்கு இந்தப் பாதுகாப்பைக் கோருவது சிக்கல். ஆகவே இன்றே பதிந்து, இனி ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். இப்போதைய பாக்கிக்கு, பில் எண், தேதி, தொகை, ஃபைல் ஒப்படைத்த மின்னஞ்சலின் தேதி நான்கையும் குறிப்பிட்டு, 7 நாள் கெடு வைத்துக் கணக்குப் பிரிவுக்கும் உங்களுக்கு வேலை தந்தவருக்கும் ஒருசேர எழுதுங்கள். பிறகு வழக்கறிஞர் நோட்டீஸ். இனிமேல் முழுப் பணம் வரும்வரை சிறிய, நீர்க்குறியிட்ட ஜேபெக் மட்டும் அனுப்புங்கள்.

10% பிடித்துக்கொண்டு பணம் தருகிறார்கள். அது போனதுதானா?
— வாசகர், ஈரோடு

போகவில்லை. அது உங்கள் பான் கணக்கில் வரவாகும் டிடிஎஸ், அதாவது பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வருமான வரி. தொழில்முறைக் கட்டணம் ஒரே நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் பிடிப்பார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000. வருமான வரித் தளத்தில் வரவு வந்திருக்கிறதா என்று பாருங்கள். கணக்குத் தாக்கல் செய்தால் கூடுதலாகப் பிடித்தது திரும்பி வரும். பான் எண் தராவிட்டால் 20% பிடிப்பார்கள். சேவைக்கான ஜிஎஸ்டி பதிவு, தமிழ்நாட்டில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான் கட்டாயம்.

கவின்கலைக் கல்லூரியில் கடைசி ஆண்டு. காட்ட ‘வெளிவந்த வேலை’ எதுவும் இல்லை. செலவுக்குப் பெயர்ப்பலகை, திருமண அலங்காரம் என்று செய்கிறேன். இதனால் ஓவியன் என்ற பெயர் கெட்டுவிடுமா?
— மாணவர், கும்பகோணம்

கெடாது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எண்ணிப் பாருங்கள். மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் பிற கைவினைப் பொருட்களும் செய்து விற்ற பணத்தில்தான் அந்த ஓவியர்கள் நிலம் வாங்கினார்கள். கைவினை வயிற்றைப் பார்த்துக்கொண்டதால் ஓவியத்தில் யாருக்கும் வளைய வேண்டியிருக்கவில்லை. நீங்களும் இரண்டுக்கும் நேரத்தைப் பிரித்து வையுங்கள். வாரத்தில் இரண்டு முழு நாட்களாவது உங்கள் ஓவியத்துக்கு என்று ஒதுக்குங்கள்.

வெளிவந்த வேலை இல்லையென்றால் நீங்களே உருவாக்கலாம். நாட்டுடைமையான எழுத்தாளர்களின் படைப்புகளை யாரும் பதிப்பிக்கலாம், ஓவியமும் வரையலாம். மூன்று சிறுகதைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை, இரண்டு உட்சித்திரம் வரையுங்கள். ஒரே பாத்திரம் வெவ்வேறு கோணத்தில், வெவ்வேறு மனநிலையில் ஒரே ஆளாகத் தெரிகிறதா என்பதைத்தான் குழந்தை நூல் பதிப்பாளர்கள் முதலில் பார்க்கிறார்கள். அதற்கென்று ஒரு பக்கம் வையுங்கள். மொத்தம் 12 முதல் 15 படங்கள், 10 எம்பிக்குள் ஒரு பிடிஎஃப். சந்தேகமான படத்தை எடுத்துவிடுங்கள். சென்னையில் தாரா, தூலிகா போன்ற படப்புத்தகப் பதிப்பகங்கள் இருக்கின்றன. அவர்களுடைய நூல்களில் பத்தையாவது புரட்டிப் பார்த்து, உங்கள் கோடு எந்த வகை நூலுக்குப் பொருந்தும் என்று தெரிந்துகொண்டபின் எழுதுங்கள். பதில் வராவிட்டால் ஆறு மாதம் கழித்துப் புதுப் படங்களோடு மறுபடி அனுப்பலாம், அதை யாரும் தொந்தரவாக நினைப்பதில்லை.