நிலத்தை விக்காதீங்க அண்ணே, பொண்ணு கேக்குறது மைக்ராஸ்கோப்பை

அண்ணே, நேத்து நீங்களும் அண்ணியும் வந்துட்டு போனதுல இருந்து மனசு கேக்கல. பொண்ணுக்கு ரெண்டாவது தடவையும் நீட்ல மார்க் வரலன்னு அண்ணி கண்ணைத் துடைச்சிக்கிட்டே இருந்தாங்க, நானும் "பாத்துக்கலாம், கவலைப்படாதீங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஆனா வாசல்ல செருப்பு மாட்டும்போது சொன்னீங்களே, கிணத்து மேட்டு நிலத்தை வித்து வெளிநாட்டுல எம்பிபிஎஸ் சேத்துடலாம்னு மச்சான் சொல்றார், வெள்ளிக்கிழமை அட்வான்ஸ்னு, அதுக்கு நேராவே சொல்றேன், வேண்டாம்.

அங்க நாலரை வருஷத்துக்குக் குறையாத படிப்பு, அப்புறம் இன்டர்ன்ஷிப், எல்லாம் முடிச்சு வந்தாலும் வெளிநாட்டுல படிச்சவங்களுக்கு இங்க வைக்கிற எஃப்எம்ஜிஇ பரீட்சையில பாஸ் பண்ணாத்தான் இங்க டாக்டர், அதுல பாஸ் ஆகுறவங்களை விட தவறுறவங்கதான் ரொம்ப அதிகம். மச்சான் அதுக்கெல்லாம் ஜவாப் சொல்ல மாட்டார். நிலம் போனா போனதுதான், இந்த விஷயத்துல நான் இறங்கி வரமாட்டேன்.

பொண்ணு ஒரே தடவைதான் வாயைத் திறந்தா, கவனிச்சீங்களா? ரெக்கார்ட் நோட்டைக் காட்டச் சொன்னப்போ. மெத்திலீன் ப்ளூ சாயம் போட்ட கன்னத்து செல்லை வரைஞ்சிருக்கா, ஓரத்துல சவ்வு மடிஞ்சிருந்ததைக் கூட விடல. ஸ்கூல்ல இருந்த ஒரே மைக்ராஸ்கோப்பை சாப்பாட்டு பெல் அடிச்சதும் போய் பாப்பாளாம். நோயாளியைப் பத்தியோ ஆஸ்பத்திரியைப் பத்தியோ ஒரு வார்த்தை வரல.

நர்சிங், பார்மசி, பயோடெக் எல்லாம் சொந்தக்காரங்க சொல்லியே உங்களுக்கு மனப்பாடம், விடுங்க. யாரும் சொல்லாதது ஹிஸ்டோபேதாலஜி, சைட்டாலஜி லேப், அதாவது சதையையும் செல்லையும் மைக்ராஸ்கோப்ல பாத்து நோயைக் கண்டுபிடிக்கிற லேப். கட்டியை எடுத்துட்டு "பயாப்சிக்கு அனுப்பியிருக்கோம்"னு டாக்டர் சொல்றாரே, அது போற இடம். அழுகாம இருக்க ஃபார்மலின்ல ஊறின சதையில ஆல்கஹால் வச்சு தண்ணியை எடுத்து, சைலீன்ல போட்டு, மெழுகுல பதிச்சு, மைக்ரோடோம்ங்கிற சீவுற மெஷின்ல 3லருந்து 5 மைக்ரான் கனத்துக்கு சீவணும், தலைமுடி கனத்துல பத்துல ஒரு பங்குக்கும் கம்மியாத்தான் இருக்கும். சீவுனது ரிப்பன் மாதிரி வெதுவெதுப்பான தண்ணியில மிதக்கும், சுருக்கம் விழாம ஸ்லைடுல ஏந்தணும், அது கைப்பக்குவம், பழகப் பழகத்தான் வரும். அப்புறம் சாயம், ஹெமாடாக்ஸிலின் நியூக்ளியஸை நீலமாக்கும், ஈயோசின் மத்ததை ரோஸாக்கும்.

இவ பதினொண்ணாவதுல படிச்ச செல் பாடம் அங்க கண்ணு முன்னாடி நிக்கும். நோயை எதிர்க்கிற பிளாஸ்மா செல்லுல ஆன்டிபாடி செய்ய, புரோட்டீன் செய்ற ரைபோசோம் நெருக்கியடிச்சு இருக்கிறதால சைட்டோபிளாசமே ஊதாவா தெரியும், நியூக்ளியஸ் பக்கத்துல மட்டும் ஒரு வெளுத்த திட்டு, அதுதான் கோல்கிங்கிற செல் உறுப்பு, 1898ல கமில்லோ கோல்கி சொன்னாரே அதே கோல்கி. தைராய்டுல வர்ற ஹர்த்தில் செல்லு மைட்டோகாண்ட்ரியா நிறைஞ்சு போய் பொடிப்பொடியா ரோஸ் நிறத்துல இருக்கும். கர்ப்பப்பை வாயில செல் எடுத்துப் பாக்குற பாப் ஸ்மியர்ல எச்பிவி வைரஸ் புகுந்த செல்லுன்னா, நியூக்ளியஸ் பெருத்து சுத்தியும் ஒரு வெள்ளை வளையம் விழும். ஆயிரக்கணக்கான நல்ல செல்லு நடுவுல அப்படி நாலே நாலு இருந்தாலும் கண்ணுல படணும், மடிப்பைக் கூட விடாம வரைஞ்ச பொண்ணுக்கு அந்தக் கண்ணு இருக்கு.

இதுக்கு வழி பிஎஸ்சி எம்எல்டி, மெடிக்கல் லேப் டெக்னாலஜி. அரசு மருத்துவக் கல்லூரிகள்ல பிளஸ் டூ மார்க்கு வச்சுத்தான் கவுன்சிலிங், ஃபீஸ் உங்க கைக்கு அடங்கும். அதுல முடிச்சு ஹிஸ்டோ, சைட்டோ பக்கம் போகலாம், இந்தியன் அகாடமி ஆஃப் சைட்டாலஜிஸ்ட்ஸ் சைட்டோடெக்னாலஜிஸ்ட்டுக்குன்னே, அதாவது செல் ஸ்லைடைப் பாக்குற டெக்னீஷியனுக்குன்னே பரீட்சை வைக்கிறாங்க. மறைக்காம இதையும் சொல்லிடறேன், ரிப்போர்ட்ல கையெழுத்து போடறது பேதாலஜி டாக்டர்தான், இவ இல்ல. சின்ன லேப்ல ஆரம்ப சம்பளம் கம்மி, சைலீன் நெடி இருக்கும். அதனால தனியார் காலேஜ் யாராவது இதுக்கு லட்சக்கணக்குல கேட்டா எழுந்து வந்துடுங்க, அந்தக் காசு திரும்பி வராது.

எந்த காலேஜ் பாக்கப் போனாலும் அவளையும் கூட்டிட்டு போங்க. மைக்ரோடோம் எத்தனை இருக்கு, பசங்க அவங்க கையாலேயே சதையைச் சீவி செக்‌ஷன் போடுறாங்களா, ஒரு நாளைக்கு எத்தனை பயாப்சி வருதுன்னு கேளுங்க, பில்டிங்கைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. மச்சான்கிட்ட நான் வேணா பேசறேன், வியாழக்கிழமை சாயங்காலம் கூட்டிட்டு வாங்க, அட்வான்ஸ் மட்டும் வாங்கிடாதீங்க.