பழுதாகும் ஹார்ட் டிஸ்க்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஒரு வாரமாக என் கணினி இயங்கத் தொடங்கவே பத்து நிமிடம் ஆகிறது. சில கோப்புறைகளைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருள் மஞ்சள் நிறம் காட்டுகிறது. சி5 என்ற வரியில் 48 என்றிருக்கிறது. விண்டோஸிலுள்ள, டிஸ்க் பிழைகளைத் திருத்தும் செக்டிஸ்க் ஓட்டிப் பார்க்கலாமா?

பதில்: தயவுசெய்து ஓட்ட வேண்டாம். சி5 என்பது, டிஸ்க் படிக்க முயன்று தோற்றுப்போய், சந்தேகத்துக்குரியவை என்று குறித்து வைத்திருக்கும் செக்டர்களின் (தரவு எழுதப்படும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை. அந்த மென்பொருள் இயல்பாகப் பதினாறடிமான (பத்துக்குப் பதிலாகப் பதினாறை அடிப்படையாகக் கொண்ட) எண்களையே காட்டுவதால், அமைப்பை நீங்கள் மாற்றியிருந்தாலொழிய, அந்த 48 உண்மையில் 72 ஆகும். 05 என்ற வரியையும் பாருங்கள். கெட்டுப்போனதால் உபரி இடத்துக்கு ஏற்கெனவே மாற்றப்பட்ட செக்டர்கள் அங்கே எண்ணப்பட்டிருக்கும். செக்டிஸ்க்கின் வேலை கோப்பு அமைப்பை முரண்பாடில்லாமல் ஆக்குவதுதான். உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது அதன் வேலையன்று. பழுதான செக்டர்களைத் தேடச் சொன்னால் அது பலவீனமான டிஸ்க்கை முழுவதுமாகப் படிக்க வைத்து, அதன் மீதே மாற்றங்களையும் எழுதும். முதலில் நகல் எடுங்கள். சரிசெய்யும் முயற்சி எதுவானாலும் நகலின் மீது நடக்கட்டும்.

கேள்வி: திருமணப் படங்கள் உள்ள டிஸ்க்கிலிருந்து நகல் எடுக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறது. மறுபடி மறுபடி முயன்றும் பயனில்லை.

பதில்: அந்த மறுமுயற்சியை இப்போதே நிறுத்திவிடுங்கள். சாதாரண முறையில் நகலெடுக்கும்போது கணினி ஒரு கெட்ட இடத்தில் சிக்கிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது. அதற்குள் நல்ல இடங்களும் கைவிட்டுப் போகலாம். திறக்கக்கூடிய ஒரே ஒரு கோப்புறைதான் உயிர்நாடி என்றால், அதை மட்டும் முதலில் வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள். மற்றவற்றுக்கு, லினக்ஸ் உள்ள பென் டிரைவில் கணினியைத் தொடங்கி, குனு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள். எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, தடுக்கும் இடங்களைத் தாண்டிச் சென்று, கடைசியில்தான் அவற்றிடம் திரும்பி வருவது அதன் சிறப்பு. எதைப் படித்தது, எது மிச்சம் என்பதைத் தனிக் கோப்பொன்றில் குறித்துவைக்கச் செய்தால், இடையில் மின்சாரம் நின்றாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். நகல் சேரும் டிஸ்க் பழைய டிஸ்க்கின் அளவுக்காவது இருக்க வேண்டும். கட்டளையைக் கொடுக்குமுன் இரண்டு டிஸ்க்குகளின் வரிசை எண்களையும் எழுதிவைத்து ஒப்பிடுங்கள். மூலமும் சேருமிடமும் இடம் மாறினால் வெற்று டிஸ்க் உங்கள் படங்களின் மேல் எழுதப்பட்டுவிடும், அதற்குப் பின் யாராலும் உதவ முடியாது. நகல் முடிந்தபின் அதன் மீது டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் ஆகிய மீட்பு மென்பொருள்களை எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம்.

கேள்வி: டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று ஒலி வருகிறது. குளிர்பதனப் பெட்டியில் சிறிது நேரம் வைத்து எடுத்தால் ஓடும் என்கிறார்களே?

பதில்: செய்யாதீர்கள். படிக்கும் முனை, நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. குளிர்ந்து வெளியே வந்த டிஸ்க்கினுள் ஈரம் படிந்தால் அந்த இடைவெளி என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். தட்டிலுள்ள வழிகாட்டும் குறிகளைப் படிக்க முடியாமல் முனை மீண்டும் மீண்டும் தொடக்க இடத்துக்குத் திரும்புவதுதான் பெரும்பாலும் அந்த ஒலி. யூஎஸ்பி வழியே மின்சாரம் பெறும் சிறிய டிஸ்க் என்றால் மட்டும், வேறு கேபிளும் கணினியின் பின்பக்கத் துளையும் கொண்டு ஒரே ஒரு முறை முயலுங்கள். மின்சாரம் போதாவிட்டாலும் அதே ஒலி வரும். அப்போதும் ஒலித்தால் இணைப்பை எடுத்துவிட்டு, தூசியற்ற அறையில் முனைகளை மாற்றும் வசதியுள்ள மீட்பு நிலையத்திடம் ஒப்படையுங்கள். அதே மாடலின் மின்சுற்றுப் பலகையை வாங்கி மாட்டுவதும் பெரும்பாலான புதிய டிஸ்க்குகளில் பலிக்காது. அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பலகையிலுள்ள சிப்பில் இருப்பதால் அதையும் பெயர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: எனக்கு சி7 வரி மட்டும் கூடிக்கொண்டே போகிறது. மற்றவை சுழியம்.

பதில்: சி7 என்பது, டிஸ்க்குக்கும் கணினிக்கும் இடையே தரவு செல்லும்போது நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை. பெரும்பாலும் அவற்றை இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம். மாற்றுங்கள். பழைய எண்ணிக்கை குறையாது. மேலும் கூடாமலிருந்தால் போதும்.

கேள்வி: 'நலம்' என்று நீல நிறம் காட்டிய டிஸ்க், அடுத்த வாரமே செத்துவிட்டது. அப்படியானால் டிஸ்க் தன்னைத்தானே கண்காணிக்கும் இந்த ஸ்மார்ட் சோதனையை எப்படி நம்புவது?

பதில்: எச்சரித்தால் நம்புங்கள்; எச்சரிக்கவில்லை என்பதால் நிம்மதி அடையாதீர்கள். கூகுள் நிறுவனத்தினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், முதல் ஸ்கேன் பிழை (டிஸ்க் தன் பரப்பைத் தானே சோதிக்கையில் காணும் பிழை) தோன்றிய டிஸ்க் அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழையற்றதைக் காட்டிலும் 39 மடங்கு என்று கண்டார்கள். அதே கட்டுரையில், பழுதான டிஸ்க்குகளில் 36 விழுக்காட்டுக்கும் மேலானவை, வெப்பநிலை நீங்கலாக, எந்த ஸ்மார்ட் அறிகுறியையும் காட்டவில்லை என்றும் இருக்கிறது.

கேள்வி: சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டிக்கு மாறிவிட்டால் இந்தக் கவலை தீருமா? பழைய டிஸ்க்கை எப்போது தூக்கிப்போடலாம்?

பதில்: அதிர்ச்சியைத் தாங்கும், வேகமும் கூடும், ஆனால் அதை இயக்கும் சிப்பான கன்ட்ரோலர் பழுதானால் ஒரு சிறு ஒலிகூட இல்லாமல் ஒரே நொடியில் காணாமல் போகும். அழித்த கோப்பின் இடத்தைக் காலிசெய்யச் சொல்லும் டிரிம் வசதி இயங்குவதால், தவறி அழித்த கோப்பை மீட்பதும் ஹார்ட் டிஸ்க்கைவிடக் கடினம். எதில் வைத்தாலும் மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற முறையையே நான் வற்புறுத்துவேன். பழைய டிஸ்க்கை, புதிய பிரதிகளில் உள்ள படங்களையும் ஆவணங்களையும் நீங்களே திறந்து பார்த்து முடிக்கும் வரை, ஃபார்மேட் செய்யாமல் உறையிலிட்டு வைத்திருங்கள்.