கணவர் ஊரில் இல்லாத இரவுகள்: வீட்டுப் பாதுகாப்பை எங்கே தொடங்குவது?

கேள்வி: கோவை புறநகரில் தனி வீடு. கணவருக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. நான், மாமியார், 13 வயது மகள், 7 வயது மகன் மட்டும்தான் இருப்போம். பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்ததிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. சிசிடிவி வைப்பதா, மகளைக் கராத்தே வகுப்பில் சேர்ப்பதா? மாமியார் கட்டிலுக்கு அடியில் அரிவாள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்.

பதில்: அரிவாள் தேங்காய் வெட்ட மட்டும் இருக்கட்டும். பழக்கமில்லாதவர் தூக்கக் கலக்கத்தில் எடுக்கும் ஆயுதம் சுலபமாக எதிராளி கைக்குப் போய்விடும். கேமராவும் கராத்தேயும் நல்லவைதான். ஆனால் முதல் செலவைக் கதவில் செய்யுங்கள். திருட வருகிறவனுக்கு வேண்டியது சத்தமில்லாத சில நிமிடங்கள்; அவை கிடைக்காது என்று தெரிந்தால் பெரும்பாலும் அடுத்த வீட்டைப் பார்ப்பான்.

தலைவாசலுக்குத் தேக்கும் பித்தளைப் பூட்டும் போட்டிருப்பார்கள். பின்கதவும் மொட்டை மாடிக் கதவும் ஒற்றைத் தாழ்ப்பாளில் நிற்கும். அந்த இரண்டிலிருந்து தொடங்குங்கள். இடிக்கும்போது பெரும்பாலும் பூட்டு உடைவதில்லை. தாழ்ப்பாள் போய் விழும் தகடு கதவின் நிலைச்சட்டத்தில் முக்கால் அங்குலத் திருகாணியால் பிடித்திருப்பதால், அதுதான் மரச் சிராயோடு பிய்ந்து வரும். அவற்றைக் கழற்றிவிட்டு இரண்டரை முதல் மூன்று அங்குலத் திருகாணி போடச் சொல்லுங்கள். கீல்களுக்கும் அதே அளவு. முன்துளை போடாமல் முறுக்கினால் பழைய நிலை பிளந்துவிடும் என்பதால் தச்சரிடம் அதைச் சொல்லியே வேலை வாங்குங்கள். கதவின் மேலும் கீழும் ஒவ்வொரு தாழ்ப்பாள், நடுவில் ஒரு ஆல்ட்ராப் (பூட்டு மாட்டும் நீளத் தாழ்ப்பாள்) இருந்தால் போதும்.

வெளிப்பக்கம் திறக்கும் கதவுக்கு வேறொரு பலவீனம் உண்டு. அதன் கீல் ஆணி வெளியே தெரியும். ஆணியைத் தட்டி எடுத்தால் பூட்டைத் தொடாமலே கதவைக் கழற்றலாம். இரும்புக் கதவானால் ஆணியின் தலையில் ஒரு பொட்டு வெல்டிங் வைத்துவிடலாம். மரக்கதவானால், கீல் பக்க விளிம்பில் இரண்டு இரும்பு முளைகள் பதித்து, கதவு மூடும்போது அவை நிலைக்குள் நுழையும்படி செய்ய வேண்டும்.

ஜன்னல் கிரில்லின் திருகாணித் தலைகள் வெளிப்பக்கம் இருந்தால் அவற்றையும் வெல்டிங் செய்துவிடுங்கள். ஆனால் தீப்பிடித்தால் தப்பிக்க ஒரு வழி வேண்டும். ஒரு படுக்கையறை ஜன்னலில் மட்டும் கீல் வைத்துத் திறக்கும் கிரில் போட்டு உள்ளே பூட்டுங்கள். அதன் சாவியும் வாசல் சாவியும் ஜன்னல் வழியே குச்சி விட்டு எடுக்க முடியாத தூரத்தில் இருக்கட்டும். திறந்த ஜன்னலை ஒட்டித் தலைவைத்துப் படுக்காதீர்கள். கையை உள்ளே விட்டுத் தாலிச்சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுவது நம் ஊரில் பழைய வேலை.

அடுத்தது கரண்ட். பல வீடுகளில் மீட்டர் பெட்டியும் மெயின் சுவிட்சும் வெளிச் சுவரில்தான் இருக்கின்றன. யாரும் கைவைத்து அணைத்துவிட்டு, நீங்கள் பார்க்க வெளியே வரட்டும் என்று கதவோரம் காத்திருக்கலாம். ராத்திரி விளக்கு அணைந்தால் முதலில் ஜன்னல் வழியே எதிர்வீட்டையும் தெருவிளக்கையும் பாருங்கள். அங்கே எரிந்து உங்கள் வீட்டில் மட்டும் இல்லையென்றால் விடியும்வரை கதவைத் திறக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து அவர்கள் வாசல் விளக்கைப் போடச் சொல்லுங்கள். இதற்காகவே அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். என் கணக்கில் நான்கு கேமராவைவிட இது பெரிது.

கேமராவை 8 அடி உயரத்தில் கேட்டைப் பார்த்து வையுங்கள். அதற்கு மேலே போனால் உச்சந்தலைதான் பதியும். ரெக்கார்டரை டிவிக்குக் கீழே வைத்தால் போகிறவன் அதையும் எடுத்துக்கொண்டு போவான்; பூட்டிய அலமாரியில் வையுங்கள். ரூட்டருக்கும் ரெக்கார்டருக்கும் சின்ன யுபிஎஸ் தேவை. வாங்கிய அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

இனி வீட்டார் என்ன செய்வது. உறுதியான கதவுள்ள ஒரு படுக்கையறையைத் தேர்ந்து, உள்ளே நல்ல தாழ்ப்பாள், சார்ஜர், டார்ச், விசில் வையுங்கள். குழந்தைகளோடு ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். அது காதில் விழுந்தால் கேள்வி கேட்காமல் அந்த அறைக்குப் போக வேண்டும். மாமியாருக்கு மூட்டுவலி இருந்தால் அவர் படுக்கையே அங்கே இருக்கட்டும். மாதம் ஒருமுறை விளக்கை அணைத்து ஒத்திகை பாருங்கள். மகனுக்கு அது விளையாட்டாகவே இருக்கலாம். அவசர உதவி எண் 112ஐ அழைத்தால் முதலில் முகவரி, பக்கத்தில் உள்ள அடையாளம், பிறகுதான் நடந்ததைச் சொல்ல வேண்டும். பட்டன் போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தால் 112க்குப் போகும் வசதி உண்டா என்று பார்த்து மாமியாருக்குக் காட்டுங்கள்.

மகள் கராத்தே கற்கட்டும், ஆனால் பலன் தெரிய வருடங்கள் ஆகும். இந்த வாரமே பழகக்கூடியது மணிக்கட்டை விடுவிப்பது. பிடித்தவனின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளிதான் பலவீனமான இடம். அவள் தன் மணிக்கட்டின் மெல்லிய ஓரத்தை அந்தப் பக்கம் திருப்பி, முழங்கையை அவன் பக்கம் வளைத்து, வெடுக்கென்று இழுக்க வேண்டும். நேராகப் பின்னால் இழுத்தால் பலம் உள்ளவன்தான் ஜெயிப்பான். விடுபட்டதும் கத்திக்கொண்டு ஓட வேண்டும். நின்று அடிக்கக் கூடாது.

மிளகு ஸ்ப்ரேயை மூடிய அறையில் அடித்தால் உங்களுக்கும் கண் எரியும். குப்பியில் போட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள், மகனுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிளகாய்ப் பொடி கரைத்த பாட்டில் வேண்டாம். பொடி அடைத்துக்கொண்டு தேவையான நேரத்தில் வராது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. உடலுக்கும் சொத்துக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் 37ஆம் பிரிவின்படி, தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்தக் கூடாது. போலீஸ் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. பிடிபட்டவனைக் கட்டிவைத்துத் தெருவே அடித்தால் வழக்கு அடித்தவர்கள்மேல் திரும்பும்.

நகைகளைப் படம் எடுத்து, எடை எழுதி, பில்லோடு வீட்டுக்கு வெளியே ஒரு நகல் வையுங்கள். ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணையும் சேர்த்து. திருட்டு நடந்துவிட்டால் பீரோவையும் கதவையும் துடைத்து ஒழுங்குபடுத்தத்தான் கை போகும். கைரேகை எடுத்து முடியும்வரை எதையும் தொடாதீர்கள். வேறு ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னால், எந்த எல்லைக்கு உட்பட்ட குற்றமானாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்வதை எடுத்துக்காட்டுங்கள். எஃப்ஐஆர் நகலும் இலவசமாகவே கிடைக்கும்.