கவர் ஓரத்தில் வெள்ளைக் கோடு: இந்த மாதக் கேள்விகள்

போன மாதம் மக்கில் சப்ளிமேஷன் அடிப்பது பற்றி எழுதியிருந்தேன். தாளில் பிரிண்ட் எடுத்த படத்தின் மையைச் சூடான பிரஸ்ஸில் ஆவியாக்கிப் பொருளில் ஏற்றுவதுதான் சப்ளிமேஷன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மொபைல் கவரைப் பற்றித்தான் கேட்கின்றன. எல்லோருக்கும் ஒரே வலி. நடுவில் படம் அருமையாக விழுகிறது, ஓரம் கெடுகிறது. ஆகவே இந்த முறை ஓரத்தைப் பற்றி மட்டும். புதியவர்களுக்குச் சில சொற்கள்: பிளீட் என்றால் ஓரத்தைத் தாண்டி விடுகிற கூடுதல் படம், மிரர் என்றால் படத்தை இடவலமாகத் திருப்பி பிரிண்ட் எடுப்பது, மோல்டு என்றால் கவரை மாட்டுகிற அச்சு. 2டி கவரில் படம் அடித்த தட்டையான பிளேட்டை முதுகில் ஒட்டுகிறோம், 3டியில் பக்கவாட்டு ஓரம்வரை கவரிலேயே படத்தை ஏற்றுகிறோம்.

வடசேரி வாசகர்: 2டி கவருக்கு அலுமினிய பிளேட் அடிக்கிறேன். எப்போதும் இடது ஓரத்தில் மட்டும் நூல் கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. பிரஸ் பழுதா?

ஒரு முறை பிளேட்டையும் தாளையும் சேர்த்தே, இடது ஓரம் வலப்பக்கம் வரும்படி அரைச் சுற்று திருப்பி பிரஸ்ஸில் வைத்துப் பாருங்கள். கோடு படத்தோடு கூடவே திரும்பினால் தாள் ஒட்டுவதில் பிழை. பிரஸ்ஸின் அதே பக்கத்தில் நின்றால்தான் பிரஸ்ஸைச் சந்தேகப்பட வேண்டும். நீங்கள் அனுப்பிய போட்டோவில் கோடு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறது. அங்கே மை படவே இல்லை என்று அர்த்தம். படத்தை பிளேட் அளவுக்கே வைத்து அடிக்கிறீர்கள், ஒட்டும்போது அரை மில்லிமீட்டர் நகர்கிறது. நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளீட் விடுங்கள். தாளைப் பிடித்து நிறுத்தும், சூடு தாங்கும் ஹீட் டேப்பை எதிரெதிர் ஓரங்களில் ஒட்டுங்கள். ஒரே பக்கம் ஒட்டினால் பிரஸ்ஸை மூடும்போது மறுபக்கம் வழுக்கும்.

பிளேட் மேலிருக்கும் பாதுகாப்புப் படலம் முழுக்க உரிந்திருக்கிறதா என்பதையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் கிழிந்து நிற்கும் சின்னத் துணுக்கும் வெள்ளையாகத்தான் தெரியும்.

மார்த்தாண்டம் வாசகி: எழுத்துக்கும் ஓரத்துக்கும் பக்கத்தில் நிழல்போல இன்னொரு கோடு விழுகிறது.

தாள் நகர்ந்திருக்கிறது. பிரஸ்ஸைத் திறந்த பிறகும் சில விநாடி மை ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். அந்த நேரத்தில் தாள் ஒரு மயிரிழை அசைந்தாலும் இரண்டாவது படம் விழுந்துவிடும். மேலே போடும் டெஃப்லான் ஷீட் தாளோடு ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிவிடுகிறதா என்று கவனியுங்கள், பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். பிளேட்டை எடுத்ததும் தாளை ஒரே இழுப்பில் உரியுங்கள். பாதி உரித்து, சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மூடுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

குளச்சல் வாசகர்: ஆனி பிறந்ததிலிருந்து ஓரங்களில் மை கசிந்து பரவுகிறது, சில இடத்தில் வெள்ளைப் புள்ளி. அதே மெஷின், அதே தாள், அதே சூடு. கடல் காற்றில் மெஷின் கெட்டுவிட்டதா?

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. தாளில் ஈரம் ஏறிவிட்டது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. ஆனி, ஆடிச் சாரல் ஓய்ந்து நிமிர்வதற்குள் ஐப்பசி, கார்த்திகை மழை வந்துவிடும். காய்ந்த ஊர்க்காரர்கள் வீடியோவில் சொல்வதை நாம் அப்படியே செய்தால் இப்படித்தான் ஆகும்.

நடப்பது இதுதான். தாளில் இருக்கிற ஈரம் சூட்டில் நீராவியாகிறது. மேலே பிரஸ், கீழே பிளேட், நடுவில் அடைபட்ட ஆவிக்கு வெளியேற ஒரே வழி ஓரம்தான். போகிற போக்கில் மையையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் நடு நன்றாக இருந்து ஓரம் மட்டும் கசிகிறது. வெளியேற முடியாமல் நடுவில் நின்ற ஆவி புள்ளியாக நிற்கிறது.

தாள் கட்டைத் திறந்து மேசையில் போட்டு வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். பிரிண்ட் எடுத்த தாளைப் பத்து நிமிடமாவது காயவிட்டு, பிரஸ்ஸின் சூட்டுத் தட்டுக்குக் கீழே, தொடாமல், ஐந்தாறு விநாடி காட்டுங்கள். மேலும் கீழும் சாதாரண வெள்ளைத் தாள் ஒன்று வைத்தால் மிச்ச ஈரத்தை அது குடித்துக்கொள்ளும், ஒவ்வொரு பிளேட்டுக்கும் புதுத் தாள். இதை வருடா வருடம் ஆனியில் எழுதுகிறேன், ஐப்பசியிலும் எழுதுவேன்.

கருங்கல் வாசகர்: ஓரத்தில் கலர் சரியா வரல. என்ன பண்ண?

2டியா, 3டியா? என்ன சூடு, எத்தனை நேரம்? வெளிறுகிறதா, கசிகிறதா, பழுப்பேறுகிறதா? எதுவுமே எழுதாமல், ஒரு போட்டோகூட அனுப்பாமல் கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்? காய்ச்சல் என்று மட்டும் எழுதி வைத்தியருக்குக் கார்டு போடுவது போலிருக்கிறது. கவரின் பெயர், சூடு, நேரம், கெட்ட ஓரத்தின் போட்டோ இந்த நாலும் இருந்தால் அடுத்த மாதம் பதில் எழுதுகிறேன்.

தக்கலை வாசகர்: 3டி வேக்யூம் மெஷினில் கவரின் முகப்பு நன்றாக வருகிறது, பக்கவாட்டு ஓரங்கள் மட்டும் வெளிறிப் போகின்றன. 175 டிகிரியில் தொடங்கினேன். சூட்டைக் கூட்டச் சொன்னார்கள், 200 வரை கூட்டியும் பலனில்லை. 210க்குப் போகலாமா?

போகாதீர்கள். முதலில் 175க்குத் திரும்பி வாருங்கள்.

‘ஓரம் வெளிறினால் சூட்டைக் கூட்டு’ என்ற இந்த ஒரு வரி எத்தனை பேருடைய முதலீட்டைத் தின்றிருக்கிறது தெரியுமா? யார் கிளப்பிவிட்டார்களோ, சரக்கு விற்கிறவரும் சொல்கிறார், மெஷின் விற்கிறவரும் சொல்கிறார். கேட்பவரும் யோசிக்காமல் பட்டனை அழுத்துகிறார். சூடு முகப்புக்கு ஒரு அளவு, ஓரத்துக்கு ஒரு அளவு என்று தனித்தனியாகவா போகிறது? ஓரத்துக்காக நீங்கள் கூட்டுகிற 25 டிகிரியை முகப்பும்தான் வாங்கிக்கொள்கிறது. சிவப்பு பழுப்பாகும், கறுப்பு வெளுக்கும், கண் இமை மாதிரி நுணுக்கமான கோடெல்லாம் பரவிவிடும். ஓரம் மட்டும் அப்படியே வெளிறித்தான் இருக்கும். ஏனென்றால் அங்கே குறைந்தது சூடில்லை, தொடுகை.

3டியில் படம் பிரிண்ட் எடுத்த ஃபிலிமை ஓரத்தோடு அழுத்துவது, காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்யூம்தான். ஃபிலிம் இளகி, பக்கவாட்டில் இறங்கி, கவரோடு ஒட்டி நின்றால் மை நேரே கோட்டிங்குக்குள், அதாவது மை பிடிப்பதற்காகக் கவர்மேல் பூசிய பூச்சுக்குள் போகும். நடுவில் ஒரு காகிதக் கனத்துக்கு இடைவெளி இருந்தால்கூட ஆவி அங்கேயே சிதறிவிடும். அந்த இடைவெளியை எத்தனை டிகிரி வைத்தாலும் சூடு மூடாது.

உங்கள் கோளாறு எதில் என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். 5 மில்லிமீட்டர் கட்டம் போட்ட படம் ஒன்றைக் கறுப்பில் பிரிண்ட் எடுத்து, கழித்துப் போட்ட ஒரு கவரில் அடியுங்கள். ஓரத்தில் கோடுகள் கூர்மையாக, ஆனால் மங்கலாக விழுந்தால் அங்கே சூடோ நேரமோ போதவில்லை. அப்போதும் சூட்டைத் தொடாமல் நேரத்தை ஒரு நிமிடம் கூட்டுங்கள், மோல்டையும் முன்கூட்டியே சூடாக்குங்கள். காலையில் போடும் முதல் கவர் எப்போதும் கெடுவதற்குக் காரணம் குளிர்ந்த மோல்டுதான். கோடுகள் கலங்கி, பஞ்சுபோல் விழுந்தால் தொடுகை இல்லை. அப்போது மெம்பிரேனை, அதாவது ஃபிலிமைக் கவரோடு அழுத்தும் ரப்பர் ஷீட்டைப் பாருங்கள், ஓரத்து ரப்பரைப் பாருங்கள், வேக்யூம் பம்பின் குழாய் இணைப்பைப் பாருங்கள், கவர் மோல்டில் அடிவரை உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நாலு மூலையிலும் ஃபிலிம் சுருங்கி மடிந்தாலும் இதே கதிதான். மூலையில் ஃபிலிமைச் சாய்வாகக் கொஞ்சம் வெட்டிவிட்டால் மடிப்பு குறையும்.

இவ்வளவு கோபம் எனக்கு எதற்கு என்றால், நானும் இந்த வரியை நம்பியவன். ஒரு கல்யாண வீட்டுக்கு, மாப்பிள்ளை பெண் படம் போட்டு அறுபது கவர். ஓரம் வெளிறியது. பத்துப் பத்து டிகிரியாகக் கூட்டிக்கொண்டே போனேன். நாற்பது கவர் குப்பைக்குப் போன பிறகு, ராத்திரி பதினொரு மணிக்கு மெம்பிரேனைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்தேன். ஒரு மூலையில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை. காற்று அங்கே கசிந்துகொண்டிருந்தது. புது மெம்பிரேன் விலை நான் கெடுத்த கவர்களின் விலையில் கால் பங்குகூட இல்லை. மறுநாள் பழைய சூட்டிலேயே எல்லாம் சரியாக வந்தது. ஆனால் கல்யாணத்துக்குக் கொடுக்க முடிந்தது இருபது கவர்தான். அந்த வீட்டுக்காரர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சூடு, நேரம், ஃபிலிம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது கெடுத்தது, எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

குலசேகரம் வாசகர்: கடையில் கிடைக்கும் சாதாரண டிரான்ஸ்பரன்ட் ரப்பர் கவரில் அடிக்கலாமா?

கூடாது. கோட்டிங் இல்லாத கவரில் மை பிடிக்காது, சூட்டில் கவரும் உருகும். அதற்கு, மையை நேரே கவரில் அடித்து புற ஊதா ஒளியில் உறைய வைக்கும் யூவி பிரிண்டிங் செய்பவரிடம் கொடுங்கள்.

திங்கள்சந்தை வாசகி: கறுப்புக் கவரில் அடித்தால் ஓரத்து வெள்ளை தெரியாதல்லவா?

படமும் தெரியாது. சப்ளிமேஷன் மை கண்ணாடிபோல ஊடுருவித் தெரிவது, அதில் வெள்ளை மை கிடையாது. கறுப்பு ரப்பர் ஓரமும் வெள்ளை பிளேட்டும் சேர்ந்த 2டி கவர் எடுங்கள். ஓரம் கறுப்பாகவே இருக்கும், படம் பிளேட்டில் விழும்.

கன்னியாகுமரி வாசகர்: கடற்கரையில் கடை. வள்ளுவர் சிலையும் கண்ணாடிப் பாலமும் போட்ட கவர்தான் அதிகம் போகிறது. 3டியில் அடித்தால் பாலம் ஓரத்தில் வளைந்துபோகிறது, சிலையின் தலை கேமரா ஓட்டைக்குள் போய்விடுகிறது.

இதை பிரஸ்ஸில் சரிசெய்ய முடியாது, கம்ப்யூட்டரில்தான் சரிசெய்ய வேண்டும். 3டியில் ஃபிலிம் ஓரத்தில் இழுபட்டு மடிகிறது. நேர்க்கோடு எதுவும் அங்கே நேராக நிற்காது. பாலத்தின் நீளம் 77 மீட்டர், அதை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இழுத்து வைத்தால் இரண்டு முனையும் வளையத்தான் செய்யும். பாலத்தையும் பாறையையும் சேர்த்துச் சின்னதாக்கி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு ஓரத்திலும் வெறும் கடலும் வானமும் இருக்கட்டும். நீலம் எவ்வளவு இழுபட்டாலும் யாருக்கும் தெரியாது. இந்த வகையில் உங்களுக்கு அமைந்தது நல்ல படம், சுற்றிலும் கடல். பிளீட்டுக்கு வேண்டிய அளவு அதையே நீட்டிக்கொள்ளலாம்.

சிலைக்கும் அதே கணக்கு. மொத்தம் 133 அடி, அதில் பீடம் மட்டும் 38 அடி. தலையைக் காப்பாற்றப் படத்தைக் கீழே இறக்கினால் பீடம் கீழ் ஓரத்தில் மடிந்துபோகிறது. அப்படி ஒரு கவரை நானே பார்த்தேன், வள்ளுவர் கடலுக்குள் இறங்கி நிற்பதுபோல் இருந்தது, மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. படத்தைக் கொஞ்சம் சுருக்கி, கேமரா இல்லாத பக்கமாக நகர்த்துங்கள். எந்த மாடலுக்கும் ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர், கேமரா ஓட்டையைச் சுற்றி 3 மில்லிமீட்டர் வரை முகமோ எழுத்தோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோவாளை வாசகர்: அடித்து முடித்த 3டி கவர் போனில் உட்கார மறுக்கிறது. ஓரம் வெளியே விரிந்து நிற்கிறது.

சூடோடு மோல்டிலிருந்து கழற்றியிருக்கிறீர்கள். பாலிகார்பனேட் 150 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். ஆறுவதற்குமுன் கழற்றினால் நினைத்த பக்கம் வளையும். ஃபிலிமை உரித்ததும் கவரைக் குளிர்ந்த மோல்டு ஒன்றில் மாட்டி, கையால் தொடக்கூடிய சூடு வரும்வரை விடுங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் இரண்டு மோல்டு வாங்குங்கள் என்று நான் சொல்வது இதற்குத்தான். சீக்கிரம் ஆறட்டும் என்று ஈரத் துணியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் சட்டென்று குளிர்ந்தால் அதுவும் கோணும்.

அருமனை வாசகி: பிறந்தநாள் பெயர் எழுதி அடிக்கிறேன். தமிழ் எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறாக, படிக்கட்டு மாதிரி வருகிறது.

இது மையோ சூடோ செய்த வேலை இல்லை. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை அப்படியே பெரிதாக்கியிருக்கிறீர்கள். படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அசல் அளவில் வரும். கவரின் உண்மையான அளவில் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்க வேண்டும். பெயரைப் படத்திலிருந்து வெட்டி ஒட்டாமல் நீங்களே டைப் செய்யுங்கள். ‘ஞ’, ‘ணை’ மாதிரி சுழி நிறைந்த எழுத்துகளுக்கு மெல்லிய ஃபான்ட் வேண்டாம், சூட்டில் கோடு கொஞ்சம் தடிக்கும்போது சுழி அடைந்துவிடும். வாடிக்கையாளரிடம் எழுத்துப்பிழை சரிபார்த்து ஒப்புதல் வாங்கிவிட்டு அடியுங்கள். மிரர் மறக்காதீர்கள். பெயர் திரும்பி விழுந்த கவரை யாருக்கும் விற்க முடியாது.

அதே வாசகியின் இரண்டாவது கேள்வி: பிளேட் ஒட்டிய கவரில் மூலை எழும்பி வருகிறது.

பிளேட்டின் பின்பக்கத்தையும் கவர் குழியையும் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். விரல் எண்ணெய்தான் காரணம். பிளேட் நன்றாக ஆறின பிறகே ஒட்ட வேண்டும், இளஞ்சூட்டில் கூடாது.

இரணியல் வாசகர்: புது மாடல் ஒன்று வந்திருக்கிறது. பார்க்கப் பழைய மாடல் மாதிரியே இருக்கிறது. பழைய மோல்டிலேயே அடிக்கலாமா? மோல்டு வர இரண்டு வாரம் ஆகுமாம்.

அடிக்க வேண்டாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற இரண்டு மாடலுக்கு நடுவில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும், அது முழுக்க ஓரத்தில்தான் வந்து நிற்கும். கவர் தளர்வாக உட்கார்ந்தால் ஓரம் வெளிறும், இறுக்கமாக உட்கார்ந்தால் கவர் விரியும். மோல்டு வரும்வரை அந்த மாடலுக்கு 2டி பிளேட் கவர் போட்டுக் கொடுங்கள். மோல்டு வந்ததும் முதலில் ஒரே ஒரு கவர் அடித்து, அந்தப் போனிலேயே மாட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் எடுங்கள்.