வாசகர் கேள்வி – பதில்: பம்புக்கு முன்னால் எவ்வளவு பொடியான வலை?

கேள்வி: எங்கள் செம்பனை ஆலையில் ஆற்று நீர் இறைக்கும் பம்பின் சக்‌ஷன் (உறிஞ்சும்) பக்கம் 4 அங்குல பாஸ்கெட் ஸ்ட்ரெய்னர் (குப்பை பிடிக்கும் கூடை வடிகட்டி) இருக்கிறது. மழையில் கலங்கல் கூடியதால் கூடைக்குள் 60 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 60 கண்) வலை போட்டோம். இப்போது பம்பில் கல் உருளும் சத்தம், தண்ணீரும் குறைவு. இன்னும் பொடியான வலை வேண்டுமா?
– வாசகர், பகாவ்

பதில்: வேண்டாம். போட்டிருக்கும் வலையையும் இன்றே எடுத்துவிடுங்கள். உள்ளே கல் ஏதும் இல்லை. சக்‌ஷன் அடைபட்டால் பம்பின் வாயில் அழுத்தம் இறங்கி, தண்ணீர் ஆவிக் குமிழாகிறது. அந்தக் குமிழ்கள் இம்பெல்லரில் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) உடையும் சத்தம்தான் உங்களுக்குக் கேட்கிறது. இப்படியே ஓட்டினால் இம்பெல்லரில் குழி விழும், தண்டைச் சுற்றி நீர் கசியாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீலும் போய்விடும்.

60 மெஷ் வலையின் கண் ஏறக்குறைய 0.25 மி.மீ. களிமண் துகளோ 0.002 மி.மீட்டருக்கும் சிறியது. அதாவது நீங்கள் பிடிக்க நினைத்த கலங்கல் வலையைத் தாண்டிப் போகிறது. இலையும் நாரும்தான் வலையில் அப்பி வழியை மூடுகின்றன. கலங்கலைத் தெளிய வைப்பது படிகாரமும் படிவுத் தொட்டியும் செய்யும் வேலை. ஸ்ட்ரெய்னர் பம்பைக் காக்கத்தான் இருக்கிறது.

சக்‌ஷனில் 3 மி.மீ துளைத் தகட்டுக் கூடை மட்டும் போதும். பொடி வலை தேவைப்பட்டால் டிஸ்சார்ஜ் (வெளியேற்றும்) பக்கம் தனி ஸ்ட்ரெய்னர் வைத்து 20 அல்லது 40 மெஷ் போடுங்கள். கூடையின் அளவையும் பாருங்கள். துளைகளின் மொத்தப் பரப்பு, குழாய் வாயின் பரப்பைப் போல் 4 மடங்காவது இருக்க வேண்டும். சக்‌ஷனில் 6 மடங்கு நல்லது. 4 அங்குலக் குழாயின் வாய் சுமார் 80 ச.செ.மீ. தகட்டில் 40 விழுக்காடுதான் துளை என்றால், 4 மடங்குக்கே 800 ச.செ.மீ தகடு வேண்டும்.

வலையை எடுத்தும் பம்ப் தடுமாறினால் ஸ்ட்ரெய்னர் மூடியைச் சந்தேகியுங்கள். சக்‌ஷன் பக்கத்து கேஸ்கெட் (மூடிக்கு அடியில் இருக்கும் அடைப்பு வளையம்) கசிந்தால் வெளியே சொட்டாது, காற்றை உள்ளே இழுக்கும். மூடி விளிம்பில் சோப்பு நுரை தடவிப் பார்த்தால், கசியும் இடத்தில் நுரை உள்ளே போய்விடும்.

கேள்வி: கூடையை எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவ வேண்டும்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: நாள் கணக்கு உதவாது, ஒரே மழையில் நிலைமை மாறிவிடும். ஸ்ட்ரெய்னருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பிரஷர் கேஜ் வையுங்கள். கழுவிய கூடையில் வித்தியாசம் பெரும்பாலும் 0.1 பாருக்குள் இருக்கும். டிஸ்சார்ஜ் பக்கம் 0.5 பாரை நெருங்கும்போது கழுவலாம். சக்‌ஷனில் அவ்வளவு காத்திருக்கக் கூடாது, 0.1 பார் கூடினாலே திறந்துவிடுங்கள். கழுவாமலே வித்தியாசம் திடீரென்று இறங்கினால் மகிழாதீர்கள். கூடை கிழிந்திருக்கும், அல்லது இருக்கையிலிருந்து எழும்பியிருக்கும். குப்பை நேராகப் போய்க்கொண்டிருக்கிறது.

திறக்கும்போது அவசரம் வேண்டவே வேண்டாம். பம்பை நிறுத்தி, இரு பக்க வால்வையும் மூடி, வென்ட்டையும் (காற்று போகும் வழி) டிரெய்னையும் (நீர் வடியும் வழி) திறந்து, கேஜ் சுழிக்கு வந்த பிறகே நட்டைத் தொடுங்கள். முதலில் உங்களுக்கு எதிர்ப்பக்க நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். மிச்ச அழுத்தம் இருந்தால் முகத்தில் அடிக்காமல் அந்தப் பக்கமாகப் போகும். கூடையை சிமெண்டுத் தரையில் தட்டிக் கொட்டுவது பல இடங்களில் பழக்கம். அதில் விளிம்பு வளைகிறது, பிறகு கூடை சரியாக உட்காராமல் இடுக்கு வழியே குப்பை ஓடுகிறது. வெளியிலிருந்து உள்ளே தண்ணீர் அடித்து, நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். இருக்கையைத் துடைத்து, கேஸ்கெட் நசுங்கியிருந்தால் புதியது போட்டு, நட்டுகளை எதிரெதிராக முறுக்குங்கள். வென்ட் வழியே காற்று முழுதும் போகும்வரை மெதுவாக நீர் நிரப்புங்கள்.

பாய்லர் நீர் லைன் போல நிறுத்தவே முடியாத இடத்துக்கு இரட்டைக் கூடை ஸ்ட்ரெய்னர் (ஒன்று ஓடும்போதே மற்றதைக் கழுவலாம்) வாங்குங்கள்.

கேள்வி: எண்ணெய் லைனிலும் இதே ஸ்ட்ரெய்னர் போதுமா?
– வாசகர், தெலுக் இந்தான்

பதில்: உடல் அதே, கவனம் வேறு. செம்பனை எண்ணெய் 35 டிகிரியை ஒட்டி இறுகத் தொடங்கும். ஸ்ட்ரெய்னரையும் நீராவியால் 50–55 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். இரு வால்வையும் மூடும்போது அந்த நீராவியையும் மூடுங்கள். இல்லாவிட்டால் அடைபட்ட எண்ணெய் சூட்டில் விரிந்து அழுத்தம் ஏறும். சாதாரண ரப்பர், இபிடிஎம் (ஒரு வகைச் செயற்கை ரப்பர்) கேஸ்கெட்டுகள் எண்ணெயில் உப்பிவிடும். நைட்ரைல் அல்லது வைட்டான் கேட்டு வாங்குங்கள்.